'பட்' என்றால் 'ஆனால்' மட்டும்தானா?

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய சில நாட்களிலேயே 'பட்' என்ற இணைப்புச் சொல் வந்து சேர்ந்துவிடும். பி, யூ, டி என்று மூன்றே எழுத்து. அகராதி 'ஆனால்' என்று பொருள் சொல்லும், நாமும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. 'எவ்ரிஒன் பட் ஹிம் கேம்' என்று ஒரு வாக்கியம் எதிரே வரும். 'எல்லோரும் ஆனால் அவன் வந்தான்' என்று சொல்லிப் பார்த்தால் ஒட்டாது. 'ஆல் பட்', 'நத்திங் பட்', 'பட் ஃபார்', 'லாஸ்ட் பட் ஒன்' என்று அடுத்தடுத்து வரும் தொடர்களிலும் 'ஆனால்' உதவாது.

பலரும் இவற்றைத் தனித்தனி மரபுத்தொடர்களாக மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. இந்தச் சொல்லின் பழைய பொருள் 'வெளியே'. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இத்தனை பயன்பாடுகளும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

வெளியே என்பதிலிருந்து ஆனால் வரை

கி.பி. 1100-க்கு முந்தைய ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அதில் இந்தச் சொல்லின் வடிவம் 'பூட்டன்'. இது இரண்டு துண்டுகள் சேர்ந்தது. 'பெ' என்றால் அருகில், பக்கமாக. 'ஊட்டன்' என்றால் வெளியே, வெளிப்புறத்திலிருந்து. இன்று 'அவுட்' என்கிறோமே, அதே வேர்தான். ஆக 'பூட்டன்' என்பது 'வெளிப்பக்கமாக' என்று பொருள்பட்ட, இடத்தைக் குறிக்கும் சொல்.

அந்த இடப்பொருள் முழுவதும் அழிந்துவிடவில்லை. ஆங்கிலத்தின் உறவுமொழியான டச்சில் இதே போல உருவான 'பெய்ட்டன்' என்ற சொல்லுக்கு இன்றும் 'வெளியே' என்றுதான் பொருள். ஸ்காட்லாந்தில் இரண்டே அறைகள் கொண்ட பழைய குடிசை வீட்டுக்கு 'பட் அண்ட் பென்' என்று பெயர். வெளி அறை 'பட்', உள் அறை 'பென்'. அன்றாடம் நாம் சொல்லும் 'அபவுட்' என்ற சொல்லுக்குள்ளும் இந்தப் 'பூட்டன்' ஒளிந்திருக்கிறது. முன்னால் 'ஆன்' சேர்ந்து 'வெளிப்புறமாகச் சுற்றி' என்ற பொருளில் உண்டான சொல் அது.

இடத்தைக் குறித்த சொல் எப்படி வாக்கியங்களை இணைக்க வந்தது? நடுவில் 'தவிர' என்ற ஒரு படி இருக்கிறது. ஒரு கூட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டு, ஒருவனைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால், 'அவனைத் தவிர எல்லோரும்' என்றாகிவிடுகிறது. ஆளுக்குப் பதிலாக ஒரு செய்தியையே இப்படி வெளியே நிறுத்தலாம். 'எல்லாம் சரியாக நடந்தது, ஒன்றைத் தவிர: மழை வந்துவிட்டது' என்று சொல்லும்போது, மழை வந்தது என்ற செய்தி முதல் கூற்றுக்குள் அடங்காமல் வெளியே நிற்கிறது. அங்கிருந்து 'எல்லாம் சரியாக நடந்தது, ஆனால் மழை வந்துவிட்டது' என்பது ஒரு எட்டுதான். பழைய ஆங்கிலத்தில் 'ஆனால்' என்ற வேலையைப் பெரும்பாலும் 'ஆக்' என்ற வேறொரு சொல் செய்துவந்தது. இடைக்காலத்தில் 'பட்' மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது, 'ஆக்' வழக்கொழிந்தது.

வெளியே, தவிர, ஆனால். இந்த மூன்றில் முதலாவது ஸ்காட்லாந்துப் பேச்சில் மட்டும் ஒதுங்கிவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் இன்றைய ஆங்கிலத்தில் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. குழப்பத்துக்கு முழுக் காரணமும் அதுதான்.

எதிர்பார்ப்பைத் திருப்பும் வேலை

முதலில் நமக்குப் பழக்கமான 'ஆனால்' பொருளைப் பார்ப்போம். 'ஐ நாக்ட், பட் நோபடி ஓபன்ட் த டோர்.' கதவைத் தட்டினேன், ஆனால் யாரும் திறக்கவில்லை. தட்டினால் திறப்பார்கள் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அது பொய்த்தது என்பதை 'பட்' அறிவிக்கிறது. இதே இடத்தில் 'அண்ட்' போட்டாலும் நடந்த நிகழ்ச்சி மாறாது. எதிர்பார்ப்பு பொய்த்தது என்ற குறிப்பு மட்டும் மறைந்துவிடும். 'அண்ட்', 'பட்' ஆகிய இரண்டுக்கும் உண்மை மதிப்பில், அதாவது வாக்கியம் உண்மையா பொய்யா என்பதில், வேறுபாடில்லை, தொனியில்தான் வேறுபாடு என்பதை ஜெர்மானியத் தர்க்கவியலாளர் காட்லோப் ஃப்ரெகெ 1879-லேயே எடுத்துக்காட்டினார். கணினி நிரல் எழுதுபவர்கள் இதை நேரடியாகவே பார்க்கலாம். 'சிவப்பு நிறம், ஆனால் பெரிய அளவு அல்ல' என்ற நிபந்தனையை நிரலில் எழுதும்போது 'அண்ட்', 'நாட்' இரண்டும் போதும். 'பட்' என்றொரு குறி அங்கே தேவைப்படுவதே இல்லை.

அந்தத் தொனியை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ஷி இஸ் யங் பட் ரெஸ்பான்சிபிள்' என்று ஒருவரைப் பற்றி எழுதினால், இளையவர்கள் பொறுப்பற்றவர்கள் என்ற எண்ணத்தையும் சேர்த்தே எழுதியதாகிறது. எழுதியவர் அதை நினைத்திருக்காமல் இருக்கலாம். படிப்பவருக்கு அது கேட்டுவிடும். பரிந்துரைக் கடிதம், மதிப்பீட்டுக் குறிப்பு போன்றவற்றில் 'பட்' வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, 'இங்கே நான் என்ன எதிர்பார்ப்பை மறுக்கிறேன்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. விடை சங்கடமாக இருந்தால் 'அண்ட்' போதும்.

வரிசையும் முக்கியம். 'குட் பட் எக்ஸ்பென்சிவ்' என்று சொன்னால் வாங்க வேண்டாம் என்ற பக்கம் சாய்கிறது. 'எக்ஸ்பென்சிவ் பட் குட்' என்று திருப்பினால் வாங்கலாம் என்றாகிறது. 'பட்'டுக்குப் பின்னால் வருவதற்கே எடை அதிகம். நம் 'ஆனால்' சொல்லும் இதேபோல்தான் நடந்துகொள்கிறது என்பதால் தமிழருக்கு இது எளிதாகவே கைவரும்.

கைவராதது வேறொன்று. திருத்தம் சொல்லும் 'பட்'. 'இட் இஸ் நாட் அ ஸ்டார் பட் அ ப்ளானெட்.' இங்கே எதிர்பார்ப்பு எதுவும் பொய்க்கவில்லை. ஒரு தவறான விவரம் நீக்கப்பட்டு, சரியானது அதன் இடத்தில் வைக்கப்படுகிறது. சில மொழிகளில் இந்த வேலைக்குத் தனிச் சொல்லே உண்டு. ஜெர்மன் மொழியில் சாதாரண 'ஆனால்' என்பதற்கு 'ஆபர்', திருத்தத்துக்கு 'சோண்டர்ன்'. ஸ்பானிய மொழியில் முறையே 'பெரோ', 'சினோ'. ஆங்கிலம் இரண்டுக்கும் 'பட்' ஒன்றையே வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. தமிழில் இந்த இடத்தில் இணைப்புச் சொல்லே தேவையில்லை: 'அது விண்மீன் அல்ல, கோள்.' இதை 'அது விண்மீன் அல்ல, ஆனால் கோள்' என்று எழுதுவது மொழிபெயர்ப்பில் அடிக்கடி காணப்படும் பிழை. 'நாட்' வந்து, பின்னால் 'பட்' வந்தால், அது திருத்தமா என்று முதலில் பாருங்கள். திருத்தம் என்றால் தமிழில் 'ஆனால்' வேண்டாம்.

'நாட் ஒன்லி', 'பட் ஆல்சோ' என்ற இணையும் இந்த வகைதான். 'மட்டும் அல்ல, கூட' என்பது அதன் பொருள். இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, 'நாட் ஒன்லி'க்குப் பின் எந்த வகைச் சொல் வருகிறதோ அதே வகைதான் 'பட் ஆல்சோ'வுக்குப் பின்னும் வர வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல், வினைக்கு வினை. 'ஷி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி ஃப்ரெஞ்ச் பட் ஆல்சோ ஜெர்மன்' என்பது சமநிலையில் நிற்கிறது. 'நாட் ஒன்லி'யைத் தூக்கி 'ஸ்பீக்ஸ்' என்ற வினைக்கு முன்னால் வைத்தால் தராசு சாய்ந்துவிடும். மற்றொன்று, 'நாட் ஒன்லி' வாக்கியத்தின் தொடக்கத்துக்கு வந்து ஒரு முழு வாக்கியத்தைத் தழுவினால், கேள்வி வாக்கியத்தில் போலத் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும்: 'நாட் ஒன்லி டிட் ஹி கம், பட் ஹி ஆல்சோ ஹெல்ப்ட்.' 'நாட் ஒன்லி ஹி கேம்' என்று தொடங்குவது பிழை.

'தவிர' என்று வரும் இடங்கள்

கற்பவர்கள் தடுமாறும் பகுதி இதுதான். அடையாளம் காண ஒரு வழி உண்டு. 'பட்'டுக்கு முன்னால் ஆல், எவ்ரி, எனி, நோ என்று தொடங்கும் சொல் ஒட்டி நின்றால், அது பெரும்பாலும் 'தவிர' என்ற பொருளில் வந்திருக்கிறது. அப்போது அது இணைப்புச் சொல்லாக இல்லாமல் முன்னிடைச்சொல்லாக (ப்ரெபோசிஷன்) வேலை செய்கிறது. 'எக்ஸெப்ட்' என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் மாறாமல் உட்கார்ந்தால் உங்கள் ஊகம் சரி.

'எவ்ரிஒன் பட் ஹிம் கேம்': அவனைத் தவிர எல்லோரும் வந்தார்கள். 'ஹி' வராமல் 'ஹிம்' வந்திருப்பதற்குக் காரணம், முன்னிடைச்சொல்லுக்குப் பின் செயப்படுபொருள் வடிவம் வருவது வழக்கம் என்பதுதான். வினையின் ஒருமை, பன்மையை முடிவு செய்வது 'பட்'டுக்கு முன்னால் இருக்கும் சொல். 'நோபடி பட் த டீச்சர்ஸ் நோஸ்' என்பதில் 'டீச்சர்ஸ்' பன்மையாக இருந்தாலும், எழுவாய் 'நோபடி' என்பதால் வினை ஒருமையில் நிற்கிறது.

'நத்திங் பட்', 'எனிதிங் பட்' இரண்டும் ஒன்றுபோலத் தோன்றி, எதிரெதிரான பொருள் தருபவை. பழைய 'வெளியே' என்பதை வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். 'இட் இஸ் நத்திங் பட் வாட்டர்' என்றால், தண்ணீருக்கு வெளியே அதில் எதுவுமில்லை, அதாவது வெறும் தண்ணீர்தான். 'இட் இஸ் எனிதிங் பட் ஈஸி' என்றால், எளிது என்பதற்கு வெளியே அது வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அதாவது கொஞ்சமும் எளிதில்லை. ஒன்று 'அது மட்டுமே', மற்றொன்று 'அது மட்டும் கிடையவே கிடையாது'. தேர்வுகளில் இந்த இணையைக் கேட்பது அதனால்தான்.

'ஆல் பட்' எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். எண்ணோ பெயர்ச்சொல்லோ தொடர்ந்து வந்தால் 'தவிர எல்லாம்': 'ஆல் பட் டூ சீட்ஸ் ஆர் டேக்கன்' என்றால் இரண்டு இருக்கைகளைத் தவிர எல்லாம் நிரம்பிவிட்டன. உரிச்சொல்லோ வினையோ தொடர்ந்தால் 'கிட்டத்தட்ட': 'த டேங்க் இஸ் ஆல் பட் எம்ப்டி' என்றால் தொட்டி கிட்டத்தட்டக் காலி. காலி என்ற அந்தக் கடைசி நிலையைத் தவிர மற்ற எல்லா நிலைகளையும் அது கடந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள், 'கிட்டத்தட்ட' எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

'லாஸ்ட் பட் ஒன்' என்றால் கடைசிக்கு முந்தையது. கடைசியிலிருந்து ஒன்றை விலக்கி எண்ணுவது. இது பிரிட்டன் வழக்கு. அமெரிக்கர்கள் 'நெக்ஸ்ட் டு லாஸ்ட்' என்பார்கள். மேடைகளில் கேட்கும் 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' என்பதோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே 'பட்' சாதாரண 'ஆனால்' தான்: கடைசியாக வந்தாலும் முக்கியத்துவத்தில் குறைந்ததல்ல.

'பட் ஃபார்' என்பது 'மட்டும் இல்லாதிருந்தால்' என்ற நிபந்தனை. 'பட் ஃபார் த சீட் பெல்ட், ஹி வுட் ஹாவ் டைட்.' சீட் பெல்ட் மட்டும் இல்லாதிருந்தால் அவர் இறந்திருப்பார். நடக்காத ஒன்றைச் சொல்வதால் பின்பகுதியில் 'வுட் ஹாவ்' வருகிறது. ஆங்கிலச் சட்ட மரபில் ஒரு செயல்தான் இழப்புக்குக் காரணமா என்று ஆராயும் அடிப்படைச் சோதனைக்கே 'பட் ஃபார் டெஸ்ட்' என்று பெயர். அந்தச் செயலை நிகழ்ச்சியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு, இழப்பு அப்போதும் நேர்ந்திருக்குமா என்று கேட்பார்கள். நேர்ந்திருக்கும் என்றால் அந்தச் செயல் காரணமில்லை.

'ஹி இஸ் பட் அ சைல்ட்' என்பதில் வரும் 'பட்' 'வெறும், மட்டுமே' என்று பொருள் தரும். முதலில் இந்த வகை வாக்கியத்தில் ஓர் எதிர்மறையும் இருந்தது: 'குழந்தை என்பதைத் தவிர அவன் வேறொன்றுமில்லை' என்பது போல. நாளடைவில் எதிர்மறை உதிர்ந்து 'பட்' மட்டும் மிஞ்சியது. இன்று இது பழைய நடையாகத் தோன்றும். படித்தால் புரிந்துகொள்ளுங்கள். சொந்தமாக எழுதும்போது 'ஒன்லி' அல்லது 'ஜஸ்ட்' போதும்.

இந்தக் குடும்பத்தில் வினை எந்த வடிவில் வர வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் 'டூ' என்ற செய்தல் வினை இருந்தால், பின்னால் வரும் வினை வெறும் வடிவில் நிற்கும்: 'ஷி டஸ் நத்திங் பட் கம்ப்ளெய்ன்.' குறை சொல்வதைத் தவிர அவள் வேறெதுவும் செய்வதில்லை. 'சாய்ஸ்', 'ஆப்ஷன்' போன்ற பெயர்ச்சொல் இருந்தால் 'டு' சேரும்: 'வி ஹேட் நோ சாய்ஸ் பட் டு வெய்ட்.' காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 'கான்ட் ஹெல்ப் பட்' என்பதற்குப் பின் வெறும் வினை வரும்: 'ஐ கான்ட் ஹெல்ப் பட் லாஃப்.' என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. 'பட்' இல்லாமல் சொன்னால் 'இங்' வடிவம்: 'ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்.' இரண்டையும் கலந்து 'ஹெல்ப் பட் லாஃபிங்' என்று எழுதுவது தவறு.

காற்புள்ளி எங்கே?

'பட்'டுக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். அதில் சொந்தமாக எழுவாயும் வினையும் இருந்து, தனி வாக்கியமாக நிற்க முடிந்தால் 'பட்'டுக்கு முன் காற்புள்ளி இடுங்கள். 'ஐ நாக்ட், பட் நோபடி ஓபன்ட் த டோர்' என்பதில் பின்பகுதி தனியே நிற்கும், ஆகவே காற்புள்ளி. 'ஹி ட்ரைட் பட் ஃபெயில்ட்' என்பதில் பின்பகுதிக்கு எழுவாய் இல்லை, ஆகவே பொதுவாக வேண்டாம். 'ஸ்லோ பட் ஸ்டெடி' போன்ற சிறு சொற்சேர்க்கைகளுக்கும் வேண்டாம்.

'பட்'டுக்குப் பின்னால் காற்புள்ளி போடுவது பரவலான பிழை. பேசும்போது 'பட்' என்று சொல்லிச் சற்று நிறுத்துகிறோம், அந்த நிறுத்தம் எழுத்திலும் வந்துவிடுகிறது. இடைச்செருகலாக ஒரு தொடர் வந்தால் மட்டுமே அங்கே காற்புள்ளிக்கு இடமுண்டு.

'ஹவெவர்' இதிலிருந்து வேறுபட்டது. பொருள் நெருக்கமானதுதான் என்றாலும் அது இணைப்புச் சொல் அல்ல, வினையடை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அதை வைத்தால் அதன் முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி வேண்டும். வெறும் காற்புள்ளியை மட்டும் இட்டு 'ஹவெவர்' எழுதினால், ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிப்பார்கள். 'பட் ஹவெவர்' என்று இரண்டையும் ஒட்டி எழுதுவதும் வேண்டாம், ஒன்றே போதும்.

ஆல்தோ வந்தால் பட் வராது

தமிழ் பேசுபவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி தலைகாட்டும் பிழை இது: 'ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் த மேட்ச் வென்ட் ஆன்.' 'ஆல்தோ' ஏற்கெனவே முரணைச் சொல்லிவிட்டது. 'பட்' அதையே மறுபடி சொல்கிறது. இலக்கணப்படியும் ஒரு குறை உண்டு. 'ஆல்தோ' தன் பகுதியைச் சார்பு வாக்கியமாக்கிவிடுவதால், அது சாய்ந்துகொள்ள ஒரு முதன்மை வாக்கியம் தேவை. 'பட்' போட்டதும் பின்பகுதி இன்னொரு முதன்மை வாக்கியத்தோடு சேரக் காத்திருப்பதாகிவிடுகிறது. முதன்மை வாக்கியம் இல்லாமல் இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன.

தமிழிலேயே இதற்குச் சோதனை இருக்கிறது. 'மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது' என்கிறோம். 'மழை பெய்தது, ஆனால் ஆட்டம் நடந்தது' என்றும் சொல்கிறோம். 'மழை பெய்தாலும், ஆனால் ஆட்டம் நடந்தது' என்று கவனமாக எழுதும் யாரும் எழுதுவதில்லை. 'பெய்தாலும்' என்பதன் 'உம்' செய்யும் வேலையைத்தான் 'ஆல்தோ' செய்கிறது. 'ஆல்தோ' வேண்டுமா 'பட்' வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதை அடித்துவிடுங்கள். 'ஆல்தோ'வோடு துணைக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் 'யெட்' அல்லது 'ஸ்டில்' வரலாம்.

எழுத்துப்பிழையில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். கடைசி 'டி'யை இரட்டித்து எழுதினால் அது உடலின் பின்புறத்தைக் குறிக்கும் வேறொரு சொல். அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அலுவலக மின்னஞ்சலை அனுப்பும் முன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

வாக்கியத்தைப் பட் என்று தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். பள்ளிகளில் கூடாது என்று சொல்லித்தருவதற்கு இலக்கண ஆதாரம் கிடையாது. 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் 'பட்' என்று தொடங்கும் வசனங்கள் ஏராளம். 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பிலேயே அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்தத் தடைக்கு வரலாற்று அடிப்படையோ இலக்கண அடிப்படையோ இல்லை என்று பதிப்பாளர்கள் பெரிதும் மதிக்கும் சிகாகோ நடைக் கையேடும் சொல்கிறது. சிறுவர்கள் 'பட்', 'பட்' என்று துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போவதைத் தடுக்க ஆசிரியர்கள் வைத்த வேலியாக இருந்தால் அதில் நியாயம் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அந்த வேலி தேவையில்லை. ஒரே பத்தியில் இரண்டு, மூன்று வாக்கியங்கள் அப்படித் தொடங்கினால் மட்டும் ஒன்றை மாற்றுங்கள். திரும்பத் திரும்பத் திசை மாறினால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் படிப்பவர் மறந்துவிடுவார்.

ஒலிப்பு

தமிழில் எழுதும்போது 'பட்' என்கிறோம். உதடுகளை மூடித் திறக்கும்போதே குரலும் எழ வேண்டும், உறவு என்ற பொருளில் சொல்லும் 'பந்தம்' என்பதில் வரும் 'ப' போல. 'படம்' என்பதன் 'ப' அல்ல. எழுத்தில் ஒரே உயிர் இருந்தாலும் 'புட்' என்பதில் வரும் ஓசை வேறு, இதில் வரும் ஓசை வேறு.

அழுத்திச் சொல்லும்போதுதான் முழு 'பட்' கேட்கும். ஓட்டமான பேச்சில் உயிரோசை தேய்ந்து, ஏறத்தாழ 'ப்ட்' என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் 'ட்' அதோடு போய் ஒட்டிக்கொள்ளும்: 'பட் ஐ' என்பது 'படை' என்பதுபோலக் காதில் விழும். ஆங்கிலப் படங்களில் 'பட்' வந்ததே தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். தனிச் சொல்லாகத் தேடாமல், அடுத்த சொல்லோடு சேர்த்துக் கேட்டுப் பழக வேண்டும்.

வாக்கியத்தின் கடைசியிலும் 'பட்' காதில் விழலாம். பெரும்பாலான இடங்களில் குரல் இழுபட்டு 'பட்...' என்று நின்றால், மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள் என்று பொருள். ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் அப்படி இல்லை. அங்கே குரல் இறங்கி 'இட்ஸ் குட், பட்' என்று முடிந்தால் வாக்கியம் உண்மையிலேயே முடிந்துவிட்டது. 'நன்றாகத்தான் இருக்கிறது, என்ன சொன்னாலும்' என்ற பொருளில், 'தோ' வர வேண்டிய இடத்தில் 'பட்' வந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்க வேண்டாம், உங்கள் பதிலைச் சொல்லலாம்.